குக்கரா, மைக்ரோவேவா, ஓடிஜியா? ஒரு சனி ஞாயிறில் எடுத்த முடிவு

எங்கள் வீட்டில் மூன்று வருஷமாகக் கேக் குக்கரில்தான் வேகிறது. நன்றாகத்தான் வரும். ஆனால் போன தீபாவளிக்கு நெய் பிஸ்கட் சுட உட்கார்ந்தபோது, ஓர் ஈட்டுக்கு ஏழு வீதம் அறுபது பிஸ்கட் எடுத்து முடிக்க இரவு ஒரு மணி ஆகிவிட்டது. அன்றைக்கே ஓவன் வாங்குவது என்று பேசி வைத்தோம்.

அப்புறம் ஒன்பது மாதம் அது பேச்சாகவே இருந்தது. என் வீட்டுக்காரருக்குக் கன்வெக்ஷன் மைக்ரோவேவ் மேல் கண். "ஒரே பெட்டி. கேக்கும் சுடலாம், ராத்திரி வந்து சாம்பாரையும் சூடு பண்ணலாம்" என்பார். எனக்கு ஓடிஜி, அதாவது ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின்சார அடுப்பு. அத்தையோ, "குக்கர்லயே வருதே, எதுக்கும்மா காசு?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. மூவர் சொன்னதிலும் உண்மை இருந்ததால்தான் முடிவு எடுக்க முடியவில்லை.

ஆகஸ்டில் ஒரு சனி ஞாயிறு எங்கள் இருவருக்கும் சேர்ந்தாற்போல் லீவு கிடைத்தது. கையில் 15,000 ரூபாய். ஓவன், அதை வைக்க இடம், அதற்கு ஒரு பிளக் பாயின்ட், மூன்றும் அதற்குள் முடிய வேண்டும். ஞாயிறு சாயங்காலம் அதில் எதையாவது சுட்டு எடுத்துவிட வேண்டும். இதுதான் திட்டம்.

நேராகக் கடைக்குப் போகவில்லை. ஒரே கேக்கை மூன்றிலும் சுட்டுப் பார்த்தோம். வெள்ளிக்கிழமை இரவே 120 கிராம் மைதா, ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு என்று மூன்று டப்பாக்களில் அளந்து வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் 100 கிராம் சர்க்கரை, 80 கிராம் வெண்ணெய், இரண்டு முட்டை, மூன்று மேசைக்கரண்டி பால். மாவை மொத்தமாகக் கரைத்து வைக்கக் கூடாது. ஈரம் பட்டதுமே பேக்கிங் பவுடர் வேலையை ஆரம்பித்துவிடும். மூன்றாவது கேக்குக்குப் போவதற்குள் மாவில் இருந்த காற்றெல்லாம் போய்விடும். அதனால் ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கலந்தேன். டின் மட்டும் மூன்றுக்கும் ஒன்றே, 6 அங்குல அலுமினிய வட்ட டின்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்குக் குக்கர். கேஸ்கட்டையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு, அடியில் உப்பு பரப்பி, ஒரு ஸ்டாண்ட் வைத்து, பத்து நிமிஷம் சூடேற்றி, அப்புறம் சிம்மில் 45 நிமிஷம். கேக் மெத்தென்று வந்தது, ஓரம் அழகாக விட்டு வந்தது. அடிப்பாகம் மட்டும் கருக்கத் தொடங்கியிருந்தது. மேலே வெள்ளையாக, லேசாக ஈரமாகவே நின்றது. சூடு முழுக்கக் கீழேயிருந்து வருகிறது, கிளம்பும் ஆவி மூடியில் பட்டு மேலேயே தங்குகிறது. பிறகு எப்படிச் சிவக்கும்? தலைகீழாகக் கவிழ்த்து ஐசிங் போடுகிறவர்களுக்கு இது ஒரு குறையே இல்லை. வெறும் கேக்காக டீயோடு சாப்பிடுகிறவர்களுக்கு அந்தச் சிவந்த மேல்தோல்தான் ருசி. இன்னொன்றும் சொல்ல வேண்டும். தண்ணீர் இல்லாமல் வெறும் குக்கரை முக்கால் மணி நேரம் காயவைப்பது குக்கருக்கு நல்லதில்லை. சமையலுக்கு வைத்திருக்கும் குக்கரை இதற்கு எடுக்காதீர்கள். அடி கனமான பழைய அலுமினியப் பாத்திரமும் பொருத்தமான மூடியும் போதும், அதே கேக் வரும்.

ஒன்பது மணிக்கு மாடி வீட்டு அக்காவின் கன்வெக்ஷன் மைக்ரோவேவ். இந்தப் பெட்டிக்குள் இரண்டு வேலை நடக்கிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மைக்ரோவேவ் என்பது உணவில் இருக்கிற தண்ணீரைச் சூடாக்கும் வேலை. அதில் எதுவும் சிவக்காது. கன்வெக்ஷன் என்பது பின்பக்கத்தில் கம்பிச் சுருள் ஒன்று சூடேற, அந்தச் சூட்டை ஒரு ஃபேன் உள்ளே சுழற்றிவிடும் வேலை. கேக்குக்கு இந்த இரண்டாவது மட்டும்தான் வேண்டும். உலோக டின்னையும் கன்வெக்ஷனில் மட்டும்தான் வைக்கலாம். 180 டிகிரியில் 30 நிமிஷத்தில் கேக் தயார். குக்கரை விடக் கால் மணி நேரம் சீக்கிரம். மேலே நல்ல பொன்னிறம், ஆனால் நடுவில் மேடு தட்டி வெடித்திருந்தது. காற்று வேகமாக மேலே படுவதால் மேல்தோல் முதலில் இறுகி, உள்ளே மாவு பிறகு எழும்பியதால் வந்தது அது. 10, 15 டிகிரி குறைத்து வைத்திருந்தால் வெடித்திருக்காது என்று அக்கா சொன்னார்கள், அது சரிதான். அடிப்பாகம் வெளிறி, கொஞ்சம் மெத்தையாக இருந்தது. இந்தப் பெட்டியில் கீழே சூடேறும் கம்பி கிடையாது.

பதினொரு மணிக்கு இங்கே மதுரை அண்ணா நகரில் சித்தி வீட்டு ஓடிஜி. மேலே கம்பி, கீழே கம்பி, ஒரு தெர்மோஸ்டாட், ஒரு டைமர். அவ்வளவுதான் அந்தப் பெட்டி. பதினைந்து நிமிஷம் முன்சூடு, பிறகு 180 டிகிரியில் 35 நிமிஷம். மேலும் கீழும் ஒரே நிறம், வெடிப்பு இல்லை. கதவுப் பக்கம் மட்டும் நிறம் சற்றுக் குறைவு. முக்கால்வாசி வெந்த பிறகு டின்னைத் திருப்பி வைத்தால் அது சரியாகிவிடும். பாதியில் திறந்து திருப்பினால் நடுவில் அமுங்கிவிடும், அந்த அவசரம் மட்டும் கூடாது.

ருசியில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். கேக் மட்டும்தான் சுடுவோம், அதுவும் பிறந்த நாளுக்குப் பிறந்த நாள் என்றால் ஓவனுக்குச் செலவழிக்கத் தேவையில்லை. எங்கள் ஆசை பன், பிஸ்கட், என்றைக்காவது தூத்துக்குடி மக்ரூன். பன்னுக்கும் பீட்சாவுக்கும் அடிச்சூடு வேண்டும். பிஸ்கட்டுக்கு அகலமான தட்டு வேண்டும். முட்டை வெள்ளையும் சர்க்கரையும் முந்திரியும் சேர்ந்த மக்ரூனுக்கோ மெதுவான சூட்டில் நெடுநேரம் உலர வேண்டும். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது என் மனசு ஓடிஜி பக்கம் சாய்ந்தது. அவரை இன்னும் சாம்பார் இழுத்துக்கொண்டிருந்தது.

அந்தப் பக்கத்தைத் தீர்த்து வைத்தது ஒரு அளவு டேப்.

இது மாமா 1986-ல் கட்டிய வீடு. சமையல் மேடை இரண்டடி அகலம். ஒரு மூலையில் மிக்ஸி, இன்னொரு மூலையில் கிரைண்டர். நடுவில் மிச்சம் இருப்பது காய் நறுக்குகிற இடம், அதில் ஓவனை வைத்தால் தினமும் இடிக்கும். பிரிட்ஜ் மேலே வைக்கலாம் என்றார் அவர். நிறைய வீடுகளில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமே இல்லை. ஓடிஜியின் உடம்பு முழுக்கச் சூடாகும், பிரிட்ஜுக்கும் சூடு வெளியேற இடம் வேண்டும். அதோடு, கொதிக்கிற தட்டை முகத்துக்கு மேலிருந்து இறக்குவது ஒருநாள் ஆபத்தில் முடியும். தட்டு வயிற்று உயரத்தில் வெளியே வர வேண்டும். சாப்பாட்டு அறைச் சுவரில், தரையிலிருந்து மூன்றரை அடியில் தனியாக ஒரு பலகை அடிப்பது என்று தீர்மானித்தோம். நடைபாதையை அடைக்காமல் அந்தச் சுவரில் 20 அங்குலம் வரைதான் முன்னே நீட்ட முடியும். 28 லிட்டர் ஓடிஜியின் ஆழம் சுமார் 14 அங்குலம், பின்னால் 4 அங்குல இடைவெளி, மொத்தம் 18. அதே 28 லிட்டர் கன்வெக்ஷன் மைக்ரோவேவ் தனியாகவே 19 அங்குலம் இருந்தது, எடையும் கிட்டத்தட்ட இரட்டிப்பு. டேப்பைச் சுற்றி வைத்துவிட்டு, "சரி, ஓடிஜியே வாங்கிரலாம்" என்றார் அவர்.

பிளக் பாயின்ட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஓவன் வாங்குகிறவர்கள் லிட்டரையும் விலையையும் பார்க்கிற அளவுக்கு இதைப் பார்ப்பதில்லை. 28 லிட்டர் ஓடிஜி 1,600 வாட் இழுக்கும். 230 வோல்ட்டில் அது கிட்டத்தட்ட 7 ஆம்பியர். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் சின்ன சாக்கெட் 5 அல்லது 6 ஆம்பியருக்கானது. 1,380 வாட்டோடு அதன் கணக்கு முடிந்தது. அதனால்தான் ஓடிஜி பெரிய மூன்று முள் பிளக்கோடு வருகிறது. அந்தப் பிளக் சின்ன சாக்கெட்டில் நுழையவில்லை என்று மலிவாக ஒரு கன்வெர்ட்டர் வாங்கி மாட்டுவது நம் ஊரில் சர்வசாதாரணம். என் அம்மா வீட்டில் தண்ணீர் ஹீட்டருக்கு அப்படி மாட்டியிருந்தோம். ஒருநாள் கருகிய வாடை வந்து பார்த்தால், சாக்கெட்டின் வாய் உருகிப் போயிருந்தது. யாரும் தொடுவதற்கு முன்னால் மெயினை அணைத்துவிட்டோம். ஓவன் ஒரு மணி நேரம் தொடர்ந்து ஓடுகிற பொருள். அதற்குக் கன்வெர்ட்டரும் வேண்டாம், எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் வேண்டாம்.

சமையலறையில் ஒரு 15 ஆம்பியர் பாயின்ட் இருக்கிறது, அதிலிருந்து இழுத்துக் கொடுத்தால் செலவு குறையும் என்று எலக்ட்ரீஷியன் அண்ணன் முதலில் சொன்னார். ஆனால் அந்த லைனில் ஏற்கெனவே பிரிட்ஜும் கிரைண்டரும் ஓடுகின்றன, வயரும் 1986-ல் போட்டது. எம்சிபி பெட்டியிலிருந்து (மின்சாரம் மிகுந்தால் தானே அணையும் சுவிட்சுகள் இருக்கும் பெட்டி) 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரில் தனி லைன், முறையான எர்த், 16 ஆம்பியர் சுவிட்சும் சாக்கெட்டும் என்று கேட்டோம். சுவரை வெட்டிப் பதித்தால் பூச்சு வேலை, பெயின்ட் என்று ஒரு வாரம் இழுக்கும். வெளியே பிவிசி கேசிங்கில் கொண்டு போனால் ஒரு காலைப் பொழுது. கேசிங் கண்ணுக்குத் தெரியும்தான். கூரையை ஒட்டிக் கொண்டு போய், சுவர் மூலையில் இறக்கினால் உறுத்தவில்லை. கூலியும் பொருளும் சேர்த்து 1,900 ஆனது. இந்த 1,900-ஐ ஓவன் விலையில் ஒரு பகுதியாகவே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மின்கட்டணம் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. சூடு ஏறியதும் தெர்மோஸ்டாட் அணைத்து அணைத்துப் போடும். ஒரு தடவைக்கு ஒரு யூனிட் என்று தாராளமாக வைத்தாலும், வாரம் ஒரு தடவை சுட்டால் இரண்டு மாத பில்லில் ஒன்பது யூனிட். ஏசி ஓடுகிற மாதங்களில் 500 யூனிட்டை ஒட்டி நிற்கிறவர்கள் மட்டும் பார்த்துக்கொள்ளலாம், அதைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறுகிறது.

இனி பலகை. பிளைவுட் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் தினமும் சூடுபடும் பொருளுக்கு அடியில் எனக்கு மரம் வேண்டாம். கடைகளில் கிடைக்கும் ஸ்டீல் ரேக் சுவரில் துளை போடாமல் நின்றுகொள்ளும், வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு அதுவே சரி. எங்களுக்குச் சொந்தச் சுவர், அதுவும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். பழைய வீட்டு அலமாரியெல்லாம் கடப்பாக் கல்தான். நாற்பது வருஷமாகச் சூடும் ஈரமும் பார்த்து அப்படியே இருக்கிறது. இதற்கும் கடப்பாவே போட்டோம். இரண்டடிக்கு 20 அங்குலம், ஒரு அங்குலக் கனம். கல் கடையிலேயே அறுத்து, ஓரம் மழுக்கிக் கொடுத்தார்கள். இந்த அளவுக் கல்லே 20 கிலோ வரும், மேலே ஓவன் 9 கிலோ. அதற்கேற்ற இரும்பு ஆங்கிள் இரண்டு, 10 மில்லிமீட்டர் ஆங்கர் போல்ட். எல்லாம் சேர்த்து 1,650.

கடைக்குப் போனது சனிக்கிழமை மதியம். இணையத்தில் அதே மாடல் 600 ரூபாய் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் என் நாத்தனாருக்கு ஓர் இணையக் கடையிலிருந்து வந்த ஓடிஜியில் கண்ணாடிக் கதவு விரிசலோடு வந்து, மாற்றி வாங்குவதற்குள் மூன்று வாரம் போய்விட்டது. டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் நான்கு மாடல்களையும் வரிசையாகத் திறந்து மூடிப் பார்த்தோம். கதவு பாதியில் விட்டால் நிற்கிறதா, தட்டு இழுத்தால் சாய்கிறதா, கீழ்க் கம்பி திறந்திருக்கிறதா, வயர் எத்தனை அடி, இதையெல்லாம் கையால் பார்த்தால்தான் தெரியும். லிட்டர் விஷயத்திலும் கடையில்தான் தெளிவு வந்தது. 16 லிட்டரில் 8 அங்குல டின் நுழைகிறது, ஆனால் எழும்பிய கேக் மேல் கம்பியை நெருங்கிவிடும். 40 லிட்டருக்கு மேல் 2,000 வாட், நான்கு பேருக்குச் சுட அவ்வளவு பெரிய அறையைச் சூடாக்க வேண்டாம். மேலும் கீழும் தனித்தனியாகவும் சேர்ந்தும் கம்பியை இயக்கும் வசதியோடு 28 லிட்டர் மாடலை 7,400-க்கு எடுத்தோம். நாங்கள் கேட்ட கன்வெக்ஷன் மைக்ரோவேவ் விலை 14,200. அதை எடுத்திருந்தால் பலகைக்கும் லைனுக்கும் காசு மிஞ்சியிருக்காது.

அங்கேயே 350 ரூபாய்க்கு ஓவனுக்குள் வைக்கும் தெர்மாமீட்டர் ஒன்றும் வாங்கினேன். இதை மட்டும் யாரும் தவிர்க்காதீர்கள். ஓடிஜியின் திருகு காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் ஒன்றாக இருப்பதில்லை. எங்களுடையதில் 180-ல் வைத்தால் உள்ளே 165-தான். இது தெரியாமல் சுட்டிருந்தால் ரெசிபியைக் குறை சொல்லிக்கொண்டிருந்திருப்பேன். அப்படியே கீழ மாசி வீதியில் மைதா, ஈஸ்ட், சர்க்கரை. இரண்டு தட்டு, பட்டர் பேப்பர் 620. மளிகை போக மொத்தம் 11,920.

வெண்ணெயில் ஒரு சின்ன ஒப்பீடு. பிஸ்கட்டுக்கு உப்பில்லாத பாக்கெட் வெண்ணெய்தான் நல்லது. ஊத்துக்குளி வெண்ணெய் போன்ற கடைந்தெடுத்த வெண்ணெயில் மணம் அதிகம், தண்ணீரும் அதிகம்; பிஸ்கட் பரந்துவிடும். பன் மேல் தடவ அதற்கு ஈடு வேறு கிடையாது.

ஞாயிறு காலை எட்டரைக்கு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்தார், பதினொன்றரைக்கு லைன் முடிந்தது. அப்புறம் எங்கள் பங்கு. பக்கத்து வீட்டு ஹேமர் டிரில்லை வாங்கி, ஆங்கிளுக்குக் குறி வைத்து அவர் துளை போட்டார். முதல் துளை செங்கல்லுக்கு நடுவில் இருக்கும் சாந்தில் இறங்கிவிட்டது, பொடி பொலபொலவென்று கொட்டியது. சாந்தில் போல்ட் நிற்காது. குறியை ஒன்றரை அங்குலம் மேலே மாற்றி, சிவப்புப் பொடி வருகிறதா என்று பார்த்து, மறுபடி போட்டோம். சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் துளை போடக் கூடாது, பழைய வயர் அந்த வழியில்தான் ஓடும். கல்லை ஏற்றி வைத்து ரசமட்டம் வைத்துப் பார்த்தபோது இடப்பக்கம் ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், இறக்கம். இரண்டு நூல் தகடு கொடுத்தால் கூடிவிடும், ஒன்று கொடுத்தோம், குமிழ் நடுவுக்கு வந்தது. ஓவன் சாய்ந்திருந்தால் கேக்கும் சாய்ந்துதான் வேகும்.

மூன்று மணிக்குப் புது ஓவனை வெறுமையாகப் பதினைந்து நிமிஷம் முழுச் சூட்டில் ஓடவிட்டோம். கம்பி மேல் இருக்கும் பூச்சு எரிந்து புகைவாடை வரும். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். அதற்குள் பன் மாவு தயாராக இருந்தது. 250 கிராம் மைதா, ஒரு டீஸ்பூன் ஈஸ்ட், வெதுவெதுப்பான பால், கொஞ்சம் சர்க்கரை, வெண்ணெய். மதுரை வெயிலில் முக்கால் மணி நேரத்தில் மாவு இரட்டிப்பாகிவிட்டது. தெர்மாமீட்டர் 190 காட்டியதும் ஒரு தட்டில் எட்டு பன் உள்ளே போயிற்று. 18 நிமிஷம். வெளியே எடுத்து ஒன்றைத் திருப்பித் தட்டினேன். அடி சிவந்து, டொக்கென்று சத்தம் வந்தது.

யாருக்குக் கன்வெக்ஷன் சரி என்றால், இருவரும் வேலைக்குப் போய், தினமும் இரண்டு வேளை சூடுபண்ணிச் சாப்பிடுகிற, மாதத்துக்கு ஒரு கேக் மட்டும் சுடுகிற வீட்டுக்கு அதுதான் சரி. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கும் அதையே சொல்வேன். ஓடிஜியின் கதவும் மேல்தகடும் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும், மைக்ரோவேவின் வெளிப்பக்கம் அப்படிச் சுடாது. ஏர் ஃப்ரையரில் கேக் சுடலாமா என்று கேட்கிறார்கள். சுடலாம், சின்னதாக ஒன்று. அதற்காகவே அதை வாங்க வேண்டாம்.

மிச்சம் 3,080 ரூபாய் இருக்கிறது. பலகைக்குக் கீழே சுவரில் ஓதம் ஏறி உப்புப் பூத்திருக்கிறது. அன்றைக்கே சுரண்டிப் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்துவிடலாம் என்று அவருக்கு ஆசை. ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மேலே அடித்தால் அடுத்த மழைக்குத் தோல் உரிந்துவிடும். வெளிப்பக்கத்துக் குழாயில் கசிவு இருக்கிறது, முதலில் அதை அடைத்து, இந்த ஐப்பசி கார்த்திகை மழை கழிந்து, சுவர் காய்ந்த பிறகு தை மாதத்தில் பெயின்ட். அதுவரை காசு அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்து டப்பாவில். எட்டு பன்னில் மூன்று மாடி வீட்டு அக்காவுக்குப் போயின, அத்தைக்கு இரண்டு, ஊத்துக்குளி வெண்ணெயோடு.